கரும்பு பூக்கும் ஊர்

கரும்பைக் கரணையாகத்தான் நடுகிறோம். பரு உள்ள துண்டை மண்ணில் புதைத்தால் தாய்க்கரும்பின் அதே அச்சு முளைத்து வரும். அதனாலேயே கரும்புக்கு விதை உண்டென்பது பலருக்குத் தெரியாது. பஞ்சு போன்ற பூக்கதிருக்குள், கடுகைவிடச் சிறியதாக, அது ஒளிந்திருக்கும். அந்த விதைக்காகத்தான் 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள்.

அன்று கரும்பு மிகுதியாக விளைந்தது வட இந்தியாவில். எல்லாம் ஒல்லியான, விளைச்சல் குறைந்த நாட்டு ரகங்கள். சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. புது ரகம் வேண்டுமானால் இரண்டு கரும்புகளைக் கலக்க வேண்டும். அதற்கு இரண்டும் பூக்க வேண்டும். பகல் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரமாக இருந்து மெல்லச் சுருங்கும் நாட்களில்தான் கரும்பு பூவெடுக்கத் தயாராகும். வடக்கில் அந்த நாட்கள் வேகமாகக் கடந்துவிடும். தொடர்ந்து வரும் குளிர், மகரந்தத்தையும் மலடாக்கிவிடும். பூமத்திய ரேகைக்கு 11 பாகை வடக்கே இருக்கும் கோவையில் பகல் நிதானமாகக் குறைகிறது, குளிரும் கடுமையில்லை. பஞ்சாப் வயலுக்கான கரும்பு கொங்கு மண்ணில் பிறந்ததற்குக் காரணம் இதுதான்.

நிலையத்தைத் தொடங்கிய சி. ஏ. பார்பரும் அவருடன் உழைத்த டி. எஸ். வெங்கட்ராமனும் தேர்ந்த பெற்றோரைக் கேட்டால் வியப்பாக இருக்கும். தாய், 'வெள்ளை' என்ற தடித்த இனிப்புக் கரும்பு. தந்தை, ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணல்! நாணலில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் வறட்சிக்கும் குளிருக்கும் தேங்கிய நீருக்கும் அசையாது. அந்த இணையின் பிள்ளைதான் 1918-ல் பஞ்சாபுக்குப் போன 'கோ 205' ('கோ' என்பது கோயம்புத்தூரின் சுருக்கம்).

புல்லோடு சேர்ந்த பிள்ளை புல்லாகவே போய்விடவில்லையே, எப்படி? வழக்கமாகத் தாயும் தந்தையும், மரபுப் பண்புகளைச் சுமக்கும் தங்கள் குரோமோசோம்களில் பாதியைத்தான் தருவார்கள். இந்தக் கலப்பில் மட்டும் இனிப்புக் கரும்பான தாய் தன் 80 குரோமோசோம்களையும் முழுதாகக் கொடுத்துவிடுகிறது. நாணல் பாதியைத்தான் தருகிறது. அதனால் பிள்ளை தாய்ப்பக்கம் சாய்கிறது. இன்னும் இனிப்பு வேண்டுமென்றால் மறுபடி இனிப்புக் கரும்போடு கலக்கிறார்கள். ஜாவாவிலும் இதே வழியில்தான் போனார்கள். இன்று உலகின் வணிகக் கரும்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நாணல் இனத்தின் பங்கு இருக்கிறது. அந்தப் புல்லுக்கு உரிய மதிப்பை நாம் இன்னும் தரவில்லை என்றே நினைக்கிறேன்.

கலக்கும் வேலையும் எளிதில்லை. கரும்பின் ஒவ்வொரு பூவிலும் ஆண், பெண் இரு பாகங்களும் உண்டு. மகரந்தத்தில் அயோடின் விட்டுப் பார்ப்பார்கள். அது கறுத்துப்போனால் மாவுச்சத்து இருக்கிறது, வீரியம் உள்ளது. வெளுத்தே கிடந்தால் மலடு. மகரந்தம் மலடான கதிரைத் தாயாக வைத்து, அதன் மேல் தந்தைக் கதிரைக் கட்டித் துணிக்கூண்டால் மூடுவார்கள். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தேறுவது ஒன்றோ இரண்டோ. அதற்கே பத்தாண்டுக்கு மேல் ஆகிவிடும். 1930-களில் இங்கே பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடே கலந்து, குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தவர்.

நிலையம் 1969-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. தமிழ்நாட்டு உழவர்களுக்கு நன்கு பழகிய கோ 86032-ம், ஹரியானாவின் கர்னாலில் உள்ள இதன் மையம் 2009-ல் வெளியிட்ட கோ 0238-ம் இங்கிருந்து வந்தவையே. இரண்டாவது ரகம் உத்தரப் பிரதேசம் எங்கும் பரவியது. கரணை வழி வளர்வதால் ஒரு வயலில் உள்ளதும் ஆயிரம் வயல்களில் உள்ளதும் ஒரே செடிதான். ஒன்றை வீழ்த்தக் கற்ற பூஞ்சைக்கு எல்லாமே திறந்த கதவு. கோ 0238-ஐச் செவ்வழுகல் நோய் அப்படித்தான் பிடித்தது. அந்நோயைத் தாங்கும் மரபணுக்களுக்காக ஆய்வாளர்கள் தேடிப் போகும் இடங்களில் ஒன்று, மறுபடியும் நாணல்.