தலையணையில் இடிக்கும், அறை நடுவில் அடங்கும்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பக்கத்து வீட்டு சப்வூஃபர் (கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர்) நடு ராத்திரி வரை டும் டும் என்று இடிக்கிறது. கவுன்சிலில் புகார் கொடுத்தேன். வந்த அலுவலர் அறை நடுவில் நின்று கேட்டுவிட்டு, அவ்வளவாக ஒன்றும் கேட்கவில்லையே என்று போய்விட்டார். என் காதில்தான் கோளாறா?"

காதில் இல்லை. அவர் நின்ற இடத்தில்.

முதலில் சட்டம். இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, இப்படிப் புகார் வந்தால் கவுன்சில் விசாரித்தாக வேண்டும். தொல்லை உண்மைதான் என்று பட்டால், நிறுத்தச் சொல்லி நோட்டீஸ். மீறினால் வழக்கு, அபராதம். ஆனால் ஒலி இத்தனை டெசிபல் (ஒலியின் அளவை) தாண்டினால்தான் தொல்லை என்று அதில் எண்ணே கிடையாது. நேரம், அளவு, எத்தனை நாளாக என்றெல்லாம் பார்த்து அலுவலர்தான் முடிவு செய்கிறார். எண் வேண்டுமென்றால் 1996ஆம் ஆண்டு இரைச்சல் சட்டத்துக்குப் போக வேண்டும். இரவு 11 முதல் காலை 7 வரை, பின்னணி ஒலி 24 டெசிபலைத் தாண்டாத இடத்தில் வரம்பு 34. பின்னணி அதற்கு மேல் என்றால், அதோடு 10 கூட்டிக்கொள்ள வேண்டும்.

அந்த டெசிபலிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது 'ஏ' டெசிபல். மெல்லிய ஒலிகளில் கனத்த சுருதி, அதாவது டும் டும் போன்ற தாழ்ந்த ஒலி, நம் காதுக்குச் சரியாக எட்டாது என்று பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள். அதையொட்டி, ஒலி அளக்கும் கருவியும் கனத்த சுருதியைக் கழித்துக் காட்டுகிறது: 1000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 1000 அதிர்வு) கழிவு இல்லை, 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் போய்விடும். கீச்சுக் குரலைத் தடுக்கிற சுவர் டும் டும்மைத் தடுப்பதில்லை. உள்ளே வந்த டும் டும்முக்குக் கருவி தள்ளுபடி வேறு கொடுக்கிறது! இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று இருப்பதும் இதே 'ஏ' கணக்குதான்.

சரி, அறைக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இது. டும் டும் போன்ற 56 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 6 மீட்டர். பத்தடி அறை அதில் சரிபாதி. அலை ஒரு சுவரில் மோதித் திரும்பி எதிர்ச்சுவருக்குப் போய் மறுபடி வரும்போது, புதிதாக வரும் அலையோடு தாளம் பிசகாமல் சேர்ந்துகொள்கிறது. குளியல் தொட்டித் தண்ணீரை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் தண்ணீர் ஏறி இறங்கும். நடுவில் மட்டம் மாறாது, தண்ணீர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். காற்றும் அப்படியே. சுவரை ஒட்டிய காற்றுக்கு நகர இடமில்லை, அதனால் அங்கே அழுத்தம் ஏறி இறங்குகிறது. நடுவில் காற்று ஓடுகிறது, அழுத்தம் மாறுவதில்லை. நம் காது உணர்வதோ அழுத்தத்தை. நாம் தலையை வைத்துப் படுப்பது எங்கே? சுவரோரம். அலுவலர் நின்றது? நடுவில்.

ஒரே சுருதியை ஒலிக்கவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். நான் பலமுறை செய்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. ஓரிடத்தில் இடி, சில அடி நகர்ந்தால் அமைதி.

சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்பவர்களிடம் மட்டும் ஏமாறாதீர்கள். இந்த அலையைப் பஞ்சால் உறிஞ்ச வேண்டுமானால் ஒன்றரை மீட்டர் கனம் வேண்டும். எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டாலும் அதே பலன்தான், செலவு குறைவு.

அடுத்த முறை அலுவலர் வந்தால் தலையணைப் பக்கம் காதை வைக்கச் சொல்லுங்கள். கருவி கொண்டு வந்தால் 'சி' அளவிலும் எடுக்கச் சொல்லுங்கள். அதில் 63 ஹெர்ட்ஸுக்குக் கழிவு 1 டெசிபல்கூட இல்லை. 'சி' அளவு 'ஏ'யைவிட 20 டெசிபல் கூடுதலாக வந்தால், கனத்த சுருதிதான் தொல்லை என்று வலுவாகச் சந்தேகிக்கலாம். அதுவரை கட்டிலை இழுத்து, தலை அறை நடுவில் வருகிற மாதிரி போட்டுப் படுங்கள். நடக்க வழி இருக்காது, அது வேறு விஷயம்.