ரீச்சர், நீங்கள் எந்த வகுப்பறையில் படிப்பிக்கிறீர்கள்?

தொண்டை கட்டிவிட்டது என்று வருகிற ஆசிரியரிடம் நான் முதலில் கேட்பது, எங்கே, எப்படிப் படிப்பிக்கிறீர்கள் என்பதைத்தான். திருகோணமலையில் பேச்சுச் சிகிச்சையாளராக வேலை தொடங்கிய புதிதில் இதைக் கேட்கத் தெரியாமல், மெல்லப் பேசுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இரண்டு மாதத்தில் அதே கரகரப்போடு திரும்பி வருவார்கள். மெல்லப் பேச அவர்களுக்கு வழியே இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

ஒரு சின்னக் கணக்கு. பெண் பேசும்போது, தொண்டைக்குள் குரலை எழுப்பும் இரண்டு மடிப்புகளான குரல்நாண்கள் செக்கனுக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதும். ஆணுக்குக் கிட்டத்தட்ட அதில் பாதி. விடாமல் ஒரு மணிநேரம் பெண்ணின் குரல் ஒலித்தால் 7 இலட்சம் தடவைக்கு மேல். சத்தம் கூடினால் மோதலும் பலமாகும், மண்வெட்டி பிடிக்கிறவர் கையில் காய்ப்பு விழுவதுபோல நாண்களிலும் விழும்.

சரி, சத்தம் ஏன் கூடுகிறது? நீளமான மண்டபத்தைத் தட்டி வைத்து நான்கு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள். பக்கத்தில் வாய்ப்பாடு, அதற்கு அப்பால் பாட்டு, மேலே ஃபேன். வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஃபேனை நிற்பாட்டவும் முடியாது. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நாம் அறியாமலே குரல் உயரும். 1911இலேயே லொம்பார்ட் என்ற பிரெஞ்சு தொண்டை மருத்துவர் எழுதிவைத்த விஷயம் இது. ஆரம்பப் பிரிவு ரீச்சர்மார் இதற்கு மேல் பாட்டும் பாடி, சிங்கமாகவும் எலியாகவும் பேசி, பின்னேரம் வீட்டில் பிள்ளைகளையும் கூப்பிடவேண்டும்.

ரியூசன் சேர்மாரின் கதை வேறு. மைக் இருக்கும், ஆனாலும் கத்துவார்கள். ஸ்பீக்கர் பிள்ளைகளைப் பார்த்து நிற்பதால் தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காது. ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பிவைத்தாலே பலருக்குக் குரல் இறங்கிவிடுகிறது. இன்னொன்று, கடைசி வகுப்பு முடித்து இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலே வந்து நாண்களை எரிக்கும். காலையில் எழும்பிக் கனைத்துக்கொண்டே இருப்பவர்கள் இதையும் யோசியுங்கள். கனைப்பதும் ஒரு மோதல்தான்.

எனக்கு வியப்பாக இருந்தது சூம் வகுப்பு எடுப்பவர்கள்தான். கத்தவேண்டிய தேவையே இல்லையே! ஆனால் பிள்ளைகள் எல்லோரும் மியூட்டில். கேள்வி இல்லை, சிரிப்பு இல்லை, கொப்பி எழுதும் நேரமும் இல்லை. வகுப்பறையில் தானாகக் கிடைக்கிற அந்த ஓய்வெல்லாம் போய், ஒரு மணிநேரமும் தனியே பேசித் தீர்க்கிறார்கள், அதுவும் கழுத்தை ஃபோனுக்குள் நீட்டிக்கொண்டு. வாய்க்குக் கிட்ட மைக் உள்ள ஹெட்செற் ஒன்று வாங்குங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளிடம் ஏதாவது எழுதக் கொடுங்கள்.

கொத்தமல்லித் தண்ணியைக் குறை சொல்லமாட்டேன், இதமாக இருக்கும். ஆனால் குடிப்பது எதுவும் நேரடியாகக் குரல்நாணில் படுவதில்லை, அது போகிற வழி வேறு. குரல் போன நாளில் குசுகுசுவென்று பேசுவதையும் ஓய்வு என்று எண்ணவேண்டாம், இறுக்கிக் குசுகுசுத்தால் பலருக்கு அதுவும் சிரமம்தான். பேசாமல் இருங்கள், அவ்வளவுதான். கரகரப்பு மூன்று நான்கு கிழமைக்கு மேல் நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் கமராவால் நாண்களைப் பார்த்தே ஆகவேண்டும். புகைப்பவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக்கூடாது.

என்னிடம் வந்த ஒரு ரீச்சர் இடுப்பில் கட்டுகிற சின்ன மைக் ஒன்று வாங்கினார். அவருக்குக் குரல் தெளிந்தது, தட்டிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளோ தங்கள் கணக்கை விட்டு இவருடைய சுற்றாடல் பாடத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முறைப்பாடு அதிபர் வரை போனது. இப்போது இரண்டு பேரும் பேசிவைத்து, ஒருவர் விளங்கப்படுத்தும்போது மற்றவர் வகுப்பில் எழுத்துவேலை.