பாய்மரம் எழும்புவது எப்படி?

மட்டக்களப்பு வாவியில் பாய்ப்படகு ஓட்டுகிறவர் பாய்மரத்தைச் சாய்க்காமல் அதிக தூரம் போக முடியாது. தெற்கே இருந்து முகத்துவாரம் நோக்கி வந்தால் மண்முனைப் பாலம், அப்புறம் கல்லடியில் 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலமும் பக்கத்திலேயே புதிய பாலமும். வீட்டு வளவில் ட்ரெய்லரில் நிற்கும் படகென்றால், ஒவ்வொரு முறையும் கரையில் மரத்தை நிமிர்த்தி, திரும்பும்போது படுக்கவைத்தே ஆகவேண்டும்.

7.5 மீற்றர் நீளமும் 15 கிலோ எடையும் உள்ள ஓர் அலுமினிய மரத்தை எடுத்துக்கொள்வோம். இருவர் தோளில் வைத்துச் சாதாரணமாக நடக்கலாம். அதன் அடியைப் படகிலுள்ள பிணைச்சலில் (கீலில்) பூட்டி, படகின் பின்பக்கமாகப் படுத்திருக்கும் மரத்தை ஒருவர் தூக்கிப் பார்த்தால்தான் சங்கதி புரியும். எடை நடுவில், அதாவது அடியிலிருந்து 3.75 மீற்றரில் தாக்குகிறது. அடியிலிருந்து ஒன்றரை மீற்றரில் நின்று தூக்குகிறவர் 37 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். மரம் எழும்ப எழும்பத் திருப்பம், அதாவது எடை அதைக் கீழே சுழற்றும் வலு, குறையும். 60 பாகைக்கு வந்ததும் பாதிதான். கஷ்டமெல்லாம் தொடக்கத்தில்.

சரி, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நின்று கயிற்றால் இழுத்தால்? மரத்தின் நுனி, அடி, அணியம் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் கிடக்கின்றன. எவ்வளவு இழுத்தாலும் மரம் தன் அடியை நோக்கி நெருக்கப்படுமே தவிர எழும்பாது.

இங்கேதான் துணைமரம் வருகிறது. 2 மீற்றர் நீளமான ஒரு கம்பத்தை, பாய்மரத்துக்குச் செங்குத்தாக, அடியிலேயே பொருத்துகிறோம். பாய்மரம் படுத்திருக்கும்போது இது நிமிர்ந்து நிற்கும். இதன் தலையிலிருந்து ஒரு கயிறு பாய்மரத்தின் மேற்பகுதிக்கும், கப்பிகள் பூட்டிய இன்னொரு கயிறு அணியத்துக்கும் போகும். அணியம் அடியிலிருந்து 2.5 மீற்றர் முன்னால், ஒரே மட்டத்தில் இருந்தால், அடியிலிருந்து இழுகயிற்றுக்கு உள்ள செங்குத்துத் தூரம் சுமார் 1.56 மீற்றர். தேவையான இழுவை 36 கிலோ. நான்கு மடிப்புக் கப்பியில் அது 9 கிலோ. உராய்வுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

இந்த அமைப்பில் எனக்கு மிகப் பிடித்தது, கணக்குப் போட்டால் கிடைக்கும் ஒரு விடை: இழுவை, துணைமரத்தின் தலைக்கும் அணியத்துக்கும் இடையே மீதமிருக்கும் தூரத்துக்கு நேர்விகிதமாகவே இருக்கிறது. தொடக்கத்தில் 3.2 மீற்றர், 36 கிலோ. மரம் நேராக நிற்கும்போது அரை மீற்றர், 6 கிலோகூட இல்லை. கயிறு குறையக் குறையக் கையும் இலேசாகிறது.

ஆனால் மரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பக்கவாட்டு ஆட்டம். 5 பாகை சரிந்தாலே நுனி 65 சென்ரிமீற்றர் விலகிவிடும். அந்த நெம்பு முழுவதும் பிணைச்சலின் ஒற்றை ஆணியில் விழும். மரத்தை இருபுறமும் படகோடு இழுத்துக் கட்டும் பக்கக் கம்பிகள் தாங்காதா? அவற்றின் கீழ்முனைகள் பிணைச்சலின் அச்சுக்கோட்டில் இருந்தால்தான் மரம் எழும்பும் வழியெல்லாம் அவை ஒரே இறுக்கத்தில் நிற்கும். கதவின் மேல் பிணைச்சலும் கீழ்ப் பிணைச்சலும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கதவு இறுகுவது போலத்தான் இதுவும். பல படகுகளில் கம்பிகள் அச்சுக்குப் பின்னால் பூட்டப்பட்டிருப்பதால், மரம் படுத்ததும் அவை தொய்ந்துவிடுகின்றன. அதற்கு, அச்சுக்கோட்டில் இருபுறமும் ஒவ்வொரு வளையத்தை நிறுத்தி, அதிலிருந்து தற்காலிகக் கயிறு கட்ட வேண்டும். துணைமரத்துக்கும் அப்படியே. கச்சான் காற்று பலக்கும் மாதங்களில் இந்த வேலையைக் காலையிலேயே முடிப்பது நல்லது.

தொடங்குமுன் அண்ணாந்து பாருங்கள். கரை வீதிகளில் போகும் 33,000 வோல்ட் கம்பியை அலுமினிய மரம் தொடவே தேவையில்லை. நெருங்கினாலே மின்சாரம் பாயும். மரம் விழக்கூடிய வட்டத்துக்குள் கம்பி இருந்தால் படகை வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள்.

இறக்கும்போது கணக்குத் தலைகீழ். முதல் சில பாகைகளுக்கு மரம் எடையே இல்லாதது போலிருக்கும், பின்னாலிருந்து இலேசாக இழுத்தால்தான் அசையும். அந்த இலேசை நம்பிக் கயிற்றை வெறுங்கையில் பிடிப்பவர்களின் உள்ளங்கைதான் உரிகிறது. ஆரம்பத்திலேயே கயிற்றைக் கட்டுக்கொம்பில் (படகில் கயிறு கட்டும் கொம்பில்) ஒரு சுற்றுச் சுற்றி, உராய்வைச் சுமக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.