அறை வாடகையில் தொடங்கும் வெட்டு: மருத்துவக் காப்பீட்டுப் பணம் எங்கே குறைகிறது?

"மூன்று லட்சத்துக்கு பாலிசி இருக்கு, பில் அதைவிடக் குறைவுதான். அப்புறம் எதுக்கு நாங்க கையிலிருந்து கட்டணும்?" டிஸ்சார்ஜ் நாளில் பில்லிங் கவுண்டரில் தினமும் கேட்கும் கேள்வி. பதில் பெரும்பாலும் பாலிசியின் ஒரே வரியில் இருக்கிறது: அறை வாடகை வரம்பு.

பழைய பாலிசிகள் பலவற்றில் ஒரு நாள் வாடகைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்தான் வரம்பு. ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொதுவான அடிப்படை பாலிசியில் 2 சதவீதம், அதிலும் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கூடுதல் வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்று நினைத்துப் பலர் பெரிய அறைக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். ஆனால், பல மருத்துவமனைகளில் அறையின் தரம் கூடக்கூட அதே அறுவை சிகிச்சைக்கான மருத்துவர் கட்டணமும் அரங்குக் கட்டணமும் கூடும். அதனால் வாடகை எந்த விகிதத்தில் வரம்பைத் தாண்டியதோ, அதே விகிதத்தில் அவற்றையும் காப்பீட்டு நிறுவனம் வெட்டுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காப்பீடு 3 லட்சம், வரம்பு நாளுக்கு 3,000 ரூபாய். எடுத்த அறை 6,000, ஐந்து நாள். வாடகை 30,000, மருத்துவர், மயக்க மருந்து, அரங்கு எல்லாம் சேர்த்து 1,20,000, மருந்து 40,000, உள்ளே பொருத்திய கருவி 60,000, பரிசோதனைகள் 20,000. மொத்தம் 2,70,000. வரம்பு பாதி என்பதால் வாடகையில் 15,000 போகும், மருத்துவர்-அரங்குக் கட்டணத்தில் 60,000 போகும். ஆக 75,000.

மொத்த பில்லையும் பாதியாக்கி 1,35,000 வெட்டி அனுப்பியிருந்தால் அது தவறு. மருந்து, நுகர்பொருள், உள்பொருத்துக் கருவி, பரிசோதனை ஆகியவற்றுக்கு விகிதக் கழிவு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. ஐ.சி.யு. கட்டணத்துக்கும் கிடையாது. அறையைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனை என்றால், இந்தக் கழிவே செல்லாது. அப்படியானால் மருத்துவமனையிடம் அதை லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன கணக்கில் அந்தக் கடிதத்தின் மதிப்பு 60,000 ரூபாய்.

இதில் 'பேக்கேஜ்' பில் ஒரு பொறி. எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டுவிட்டால் எது மருந்து, எது மருத்துவர் கட்டணம் என்று பிரிக்க முடியாது. விகிதக் கழிவு முழுத் தொகையின் மேலும் விழும். டிஸ்சார்ஜுக்கு முன்பே பிரித்த பில் கேளுங்கள். கையுறை, டயப்பர், பதிவுக் கட்டணம் போன்ற சில்லறை வெட்டுகள் தனிக் கதை. அதற்கான ரைடர் (பாலிசியோடு சேர்த்து எடுக்கும் துணைப் பாதுகாப்பு) எடுத்திருந்தால் ஒழிய அவற்றோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

முழு நிராகரிப்புக்கு வருவோம். அடிக்கடி சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, முன்பே இருந்த நோயை மறைத்தார் என்பது. ஆதாரம் பெரும்பாலும் மருத்துவமனையின் சொந்தக் காகிதத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. சேர்க்கும் பரபரப்பில் "எத்தனை வருஷமா பி.பி.?" என்று பயிற்சி மருத்துவர் கேட்பார். "ஒரு பத்து வருஷம் இருக்கும்" என்று உறவினர் யாராவது சொல்வார். அது கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போய்விடும். சம்மரியின் நகலை வீட்டுக்குக் கிளம்பும் முன்பே வரி வரியாகப் படியுங்கள். ஆண்டுக் கணக்கு தவறாக இருந்தால், முதன்முதலில் நோய் கண்டறியப்பட்ட சீட்டைக் காட்டி, சிகிச்சை அளித்த மருத்துவரிடமே திருத்தமும் சான்றும் வாங்குங்கள். நோய் உண்மையிலேயே பழையது என்றால் திருத்தம் கேட்க வேண்டாம், அது மோசடி. பாலிசி 60 மாதம் இடைவிடாமல் ஓடியிருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது. இடையில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய பகுதிக்கு மட்டும் அந்த 60 மாதம் புதிதாகத் தொடங்கும்.

அடுத்தது, "பரிசோதனைக்காக மட்டுமே சேர்ந்தார், அட்மிஷன் தேவையில்லை" என்ற பதில். இதற்கு உணர்ச்சிகரமான கடிதம் உதவாது. நரம்பு வழியாக ஏற்றிய மருந்துகள், மணிக்கணக்கில் குறித்த ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவை உள்ள நர்ஸிங் சார்ட் நகலோடு, வெளிநோயாளியாக ஏன் பார்க்க முடியாது என்று மருத்துவர் எழுதிய இரண்டு பத்திகள் போதும்.

கேஷ்லெஸ், அதாவது நாம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கொடுக்கும் வசதி, மறுக்கப்பட்டால் அதையே கிளெய்ம் மறுப்பு என்று எடுத்துக்கொண்டு பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பணம் கட்டிவிட்டு அசல் ரசீதுகளோடு திரும்பக் கோரும் வழி அப்போதும் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாத சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்லியாக வேண்டும். மூன்று மணி நேரம் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்டால், அதை நிறுவனம்தான் ஏற்க வேண்டும். மருத்துவமனை கோரிக்கையை எத்தனை மணிக்கு அனுப்பியது என்று டி.பி.ஏ. (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனம்) மேசையில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சில நேரம் தாமதம் மருத்துவமனைப் பக்கமும் இருக்கும்.

நிராகரிப்புக் கடிதத்தில் எந்த விதியின் கீழ் என்று எண்ணோடு இருக்க வேண்டும். "பாலிசி நிபந்தனைகளின்படி" என்று மட்டும் இருந்தால், முதல் மின்னஞ்சலில் அந்த எண்ணைக் கேளுங்கள். அந்த மின்னஞ்சலை நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். கால் சென்டரில் பேசியதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மன்) போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீலுக்கு அனுமதியும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை, நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் கொண்டுபோக வேண்டும். பாலிசி, கழிவுப் பட்டியல், பிரித்த பில், மருத்துவர் கடிதம், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரே பக்கத்தில் எவ்வளவு வெட்டினார்கள், எந்த விதிப்படி அது தவறு என்று எழுதுங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் நிறுவனம் 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குக் கூடுதலாக வரவேண்டும். தீர்ப்பு எதிராக வந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை உங்களுக்கு உண்டு.