ஸ்டால்: கடையும் இல்லை, எஞ்சின் கோளாறும் இல்லை

ஏற்காடு கோடை விழாவில் ஸ்டால் என்றால் கடை. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் கிளட்சைச் சட்டென விட்டு எஞ்சின் அணைந்தால், "வண்டி ஸ்டால் ஆயிடுச்சு" என்கிறோம். சேலம் விமான நிலையமான காமலாபுரம் ஓடுதளத்தில் பறக்கக் கற்க வருபவர் இந்த இரண்டு பொருளோடும்தான் வருவார். பறத்தலில் இரண்டுமே பொருந்தாது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடினாலும் ஸ்டால் வரும்.

பழைய ஆங்கிலத்தில் இது நிற்குமிடத்தையும் மாட்டுத் தொழுவத்தையும் குறித்த சொல். அதிலிருந்து கடைக்கும், ஓடுவது நின்றுபோவதற்கும் விரிந்தது. விமானத்தில் நின்றுபோவது இறக்கையின் வேலை. எதிர்க்காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் சுமார் 15 முதல் 18 பாகையைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்து சுழலும், தூக்குவிசை சரியும். காரணம் கோணம், வேகம் அல்ல. முழு எடையில், இறக்கையின் பின்விளிம்பு மடலான ஃபிளாப்பை இறக்காமல், நேராகப் பறக்கும் செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தில் இது 48 நாட் (மணிக்குச் சுமார் 89 கி.மீ.) அளவில் நேரும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கை தாங்கும் சுமை இரட்டிப்பாகி, 68 நாட்டிலேயே நேர்ந்துவிடும்.

ஆகவே 'முடக்கம்', 'நின்றுபோதல்' என்ற பெயர்ப்புகளை நாங்கள் ஏற்பதில்லை. அவற்றைக் கேட்ட மாணவரின் கை முதலில் எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலுக்குத்தான் போகும். தூக்கு + இழப்பு = தூக்கிழப்பு என்பதே சரி. எதை இழந்தோம் என்பதைச் சொல்லும் சொல், எதை மீட்கவேண்டும் என்பதையும் காட்டிவிடும்.

மீட்கும் வரிசை இது: கட்டுப்பாட்டுப் பிடியை முன்னே தள்ளிக் கோணத்தைக் குறை, த்ராட்டிலை முழுதும் கொடு, வால் சுக்கானான ரட்டரால் மூக்கு ஒரு பக்கம் திரும்பாமல் பிடி, இறக்கைகளைச் சமமாக்கி மேலேறு. பெரும்பாலானோர் தவறுவது முதல் நொடியில். மூக்கு தாழ்ந்ததும் பிடியைத் தன் பக்கம் இழுப்பார்கள்; கோணம் இன்னும் கூடும். ஓர் இறக்கை சரிந்தால் பிடியைத் திருப்பி, இறக்கை நுனிப்பக்க மடலான அய்லரானால் தூக்கப் பார்ப்பார்கள். சரிந்த பக்கத்தின் கோணம் மேலும் கூடி, விமானம் சுழன்று விழத் தொடங்கலாம்.

பயிற்றுநரின் திறமை தெரிவது இங்கேதான். கையை மடியில், பிடிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு, மாணவர் தவற்றைத் தானே உணரும்வரை பொறுக்கவேண்டும். அதற்குமேல் ஒரு நொடியும் பொறுக்கக் கூடாது. பிடியைத் தன் கையில் எடுக்கும்போது "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று உரக்கச் சொல்லவேண்டும். இரண்டு பேர் பிடியை எதிரெதிராக இழுப்பது தூக்கிழப்பைவிட ஆபத்து.

உயரக் கணக்கிலும் கவனம் வேண்டும். தரையிலிருந்து 3000 அடிக்குக் கீழே போகாமல் மீள்வது நல்ல பழக்கம். காமலாபுரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 அடி. ஆகவே கடல்மட்ட அழுத்தத்துக்குத் திருத்திய அல்டிமீட்டரில் (உயரமானியில்) 4000 அடி. கிழக்கே சேர்வராயன் மலை 5300 அடியைத் தாண்டி நிற்கிறது. மலையைவிட்டு விலகித்தான் இந்தப் பயிற்சி.

வானொலியிலும் கையேட்டிலும் ஸ்டால் அப்படியே இருக்கட்டும். பறக்குமுன் தரையில் விளக்கும்போது தமிழில் சொல்வோம். 'விமானம் தூக்கிழந்தது' என்பதைவிட 'இடது இறக்கை தூக்கிழந்தது' என்பது துல்லியம். உண்மையில் பல நேரம் ஒரு பக்கம்தான் முதலில் இழக்கிறது. தூக்கிழக்கும் வேகத்துக்கு 5 முதல் 10 நாட் முன்பே ஒலிக்கும் ஊதல், தூக்கிழப்பு எச்சரிக்கை.