நானோ துகளுக்கு 'நுண்துகள்' போதுமா?

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு மருந்துக் கடையில், ஐந்து மாதக் கர்ப்பிணியான என் அண்ணன் மகள் வெயில் தடுப்புக் களிம்பின் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நானோ இல்லாத துத்தநாக ஆக்சைடுன்னு போட்டிருக்கு சித்தப்பா, நானோன்னா ரொம்பப் பொடியா அரைச்சதா?" என்று கேட்டாள். பொருளில் பாதியை அவளே சொல்லிவிட்டாள். மீதி, அளவில் இருக்கிறது.

குள்ளன் எனப் பொருள்படும் 'நானோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த 'நானோ', நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக 1960இல் அனைத்துலக அலகு முறையில் ஏற்கப்பட்டது. பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலானவற்றையே நானோ துகள்கள் என்பர்.

தமிழில் இதைப் பலர் 'நுண்துகள்' என்றே எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நுண்ணோக்கி, நுண்ணுயிர் என்று 'நுண்' ஏற்கெனவே பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோவுக்கு வழங்கிவிட்டது. புகைமூட்டக் காலத்தில் இங்கே நாம் கவலைப்படும் நுண்துகளின் வரம்பு 2.5 மைக்ரோமீட்டர், அதாவது 2,500 நானோமீட்டர். ஆகவே 'மீநுண் துகள்' என்பதே பொருந்தும். அலகுப் பெயரான நானோமீட்டரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

கர்ப்பகால மருத்துவத்தில் இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2011இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், கருவுற்ற சுண்டெலிகளின் இரத்தத்தில் செலுத்தப்பட்ட 70 நானோமீட்டர் சிலிக்கா துகள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் வளர்ச்சியைக் குன்றச் செய்தன. 300 நானோமீட்டர் துகள்கள் அவ்வாறு செய்யவில்லை. அதே 70 நானோமீட்டர் துகளின் மேற்பரப்பை வேதிமுறையில் மாற்றியபோதும் பாதிப்பு தோன்றவில்லை என்பதால், அளவோடு மேற்பரப்பும் சேர்ந்தே தீங்கைத் தீர்மானிக்கிறது. (விஷத்தையும், பிள்ளைக்குப் பின் வெளிவருவதையும் 'நஞ்சு' என்ற ஒரே சொல்லால் தமிழ் குறிப்பது இவ்விடத்தில் வியப்பூட்டுகிறது.)

மேற்பரப்பை மாற்றினால் விளைவும் மாறும் என்ற இந்தப் பண்பே சிகிச்சைக்கும் வழியாகிறது. நஞ்சுக்கொடியின் உயிரணுக்களைத் தேடி ஒட்டும் புரதத் துணுக்குகளைக் கொழுப்புக் குமிழிகளின் மேல் பொருத்தி, வளர்ச்சிக் காரணியை உள்ளே அடைத்துச் செலுத்தியபோது, எடை குன்றிய எலிக் கருக்கள் தேறியதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதர்களுக்கு அது இன்னும் வரவில்லை. ஆனால், எம்ஆர்என்ஏ கொவிட் தடுப்பூசியைச் சுமந்து சென்றவை கொழுப்பாலான மீநுண் துகள்களே. 2021 முதல் சிங்கப்பூரிலும் கர்ப்பிணிகள் அதைப் போட்டுக்கொண்டார்கள்.

களிம்பின் கதை வேறு. காயமில்லாத தோலின் மேலடுக்கைத் தாண்டித் துத்தநாக ஆக்சைடு பெரும்பாலும் உள்ளே போவதில்லை. பீய்ச்சியடிக்கும் வகை மட்டும் மூச்சோடு போகும் என்பதால், அதை வைத்துவிட்டுப் பூசும் வகையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.