அட் குறிக்கு இடப்பக்கம் யாருடையது?

பத்தமடையில் பாய்க்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், கடைக்குத் தமிழிலேயே மின்னஞ்சல் முகவரி வாங்கியிருக்கிறார். ஜிமெயிலிலிருந்து அனுப்பினால் வந்து சேர்கிறது. மொத்தமாகப் பாய் வாங்கும் ஒரு நிறுவனம் தன் அலுவலக மெயிலிலிருந்து அனுப்பினால் திரும்பிப் போய்விடுகிறது. "டொமைனை மட்டும் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை, எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கிறார்.

அவருடைய முகவரியை கடை@பத்தமடை.இந்தியா என்று வைத்துக்கொள்வோம். @ குறிக்கு வலப்பக்கம் இருப்பது டொமைன், இடப்பக்கம் இருப்பது பெட்டியின் பெயர். சிக்கல் இடப்பக்கம் இருக்கிறது. அதன் வேர் 1980களில்.

அப்போது யூயூசிபி என்றொரு வலையமைப்பு இருந்தது. கணினிகள் ஒன்றையொன்று போனில் அழைத்து, பெரும்பாலும் இரவில், மெயிலைக் கைமாற்றிக்கொள்ளும். அதில் முகவரி என்றாலே வழிதான். சென்னை!மதுரை!நெல்லை!கடை என்பதுபோல (அசலில் ஆங்கில எழுத்தில்) எழுத வேண்டும். ஒவ்வொரு கணினியும் தன் பெயரை நீக்கிவிட்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளும். "ஜங்ஷனில் இறங்கி, அம்பாசமுத்திரம் பஸ் ஏறி, பத்தமடையில் இறங்கு" என்று வழி சொல்வது போல. புதிதாக வந்த இணையமோ ஊர்ப்பெயரை மட்டும் கேட்டது: கடை@நெல்லை. வழியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இரண்டும் சந்தித்த இடத்தில் குழப்பம். மதுரை!கடை@நெல்லை என்று ஒரு முகவரி வந்தால் எங்கே அனுப்புவது? யூயூசிபி கணினி இடமிருந்து படித்து முதலில் மதுரைக்கு அனுப்பும். இணையக் கணினி @ குறியைப் பார்த்து முதலில் நெல்லைக்கு அனுப்பும். ஒரே முகவரி, எதிரெதிர் திசை. மெயில் தொலைந்தே போகும்.

இதிலிருந்து மீண்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1982இல் வந்த மின்னஞ்சல் தரத்தில் ஒரு விதி உண்டு: @ குறிக்கு இடப்பக்கம் இருப்பதற்குப் பொருள் சொல்லும் உரிமை வலப்பக்கத்துக் கணினிக்கு மட்டுமே. இதைப் பிடித்துக்கொண்டு கடை%நெல்லை@சென்னை என்று எழுதத் தொடங்கினார்கள். நடுவழியில் உள்ள கணினிகளுக்குத் தெரிவது "சென்னை" மட்டும். இடப்பக்கத்தை அவை தொடாது. சென்னையில் இரு வலைகளிலும் கால் வைத்திருக்கும் வாயில் கணினி அந்த மெயிலைப் பிரித்து, % குறியைப் பார்த்து, நெல்லைக்குப் போன் போடும். இன்னொரு வலை இருப்பதே தெரியாத கணினிகள், அந்த வலைக்கான மெயிலைச் சரியாகச் சுமந்து வந்துவிட்டன!

1986இல் எம்எக்ஸ் பதிவு வந்தது. "இந்த டொமைனின் மெயிலை இன்ன கணினியிடம் கொடு" என்று இணையத்தின் பெயர்ப் பட்டியலான டிஎன்எஸ்ஸே சொல்லத் தொடங்கியதால், இணையத்தில் இல்லாத கணினிக்கும் சாதாரண முகவரி கிடைத்தது. % வழக்கொழிந்தது. பிற்பாடு அதைக் குப்பை மெயில்காரர்கள் பயன்படுத்தியதால் இன்று பெரும்பாலான சர்வர்கள் ஏற்பதில்லை.

இனி பத்தமடைக்கு வருவோம். வலப்பக்கம் எளிது. தமிழ் டொமைனை ஆங்கில எழுத்து, எண், கோடு மட்டும் கொண்ட வடிவமாக மாற்ற 2003இல் ப்யூனிகோட் வந்துவிட்டது. பழைய சர்வருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இடப்பக்கத்தை நடுவில் யாரும் மாற்றக் கூடாது, அதே விதிதான். மாற்றி எழுதிய பெயரில் அங்கே வேறொருவருக்குப் பெட்டி இருக்கலாம் அல்லவா? ஆகவே "கடை" என்பது யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் எழுதும் முறை) பைட்டுகளாக அப்படியே போயாக வேண்டும். சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் முறையான எஸ்எம்டிபியின் பழைய தரம் 7 பிட் எழுத்துகளை, அதாவது ஆங்கில எழுத்து, எண், சில குறிகளை மட்டுமே அனுமதித்தது. 2012இல் எஸ்எம்டிபியூடிஎஃப்8 என்ற நீட்சி வந்தது. அனுப்பும் சர்வர் வணக்கம் சொன்னதும் எதிர்ச் சர்வர் தன் திறமைகளைப் பட்டியலிடும். அதில் இந்தச் சொல் இல்லாவிட்டால் அனுப்பக் கூடாது, திருப்பிவிட வேண்டும். வழியில் ஒரு குப்பை வடிகட்டி பழையதாக இருந்தாலும் போச்சு. ஜிமெயில் 2014இலேயே தமிழ் முகவரிகளை ஏற்கத் தொடங்கியது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் 2015இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஏற்கிறது. திரும்பி வந்த மெயிலில் 5.6.7 என்ற எண் இருந்தால் காரணம் இதுதான்.

நடுவிலேயே ஆங்கில முகவரிக்கு மாற்றித்தரும் ஏற்பாடு ஒன்று 2009இல் சோதனைத் தரமாக வந்து, 2012இல் கைவிடப்பட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். விதியை மீறினால் மெயில் தவறான கைக்குப் போகும். ஆனால் அரசு இணையதளப் படிவங்கள்கூடத் தமிழ் முகவரியைப் "பிழை" என்று தள்ளுவதற்கு இந்தச் சாக்கு செல்லாது. ஆங்கில எழுத்தை மட்டும் தேடும் ஒரு வரிச் சோதனையை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருப்பார்கள். மக்கள் பணத்தில் மென்பொருள் வாங்கும்போது டெண்டரிலேயே தமிழ் முகவரி ஏற்பைக் கட்டாயமாக்க வேண்டும்.

கடைக்காரர் இப்போதைக்குச் செய்ய வேண்டியது: அதே பெட்டிக்கு ஆங்கில எழுத்தில் ஒரு மாற்றுப் பெயர் கேட்டு வாங்கி, விசிட்டிங் கார்டில் இரண்டையும் அச்சிடுங்கள். அந்த நிறுவனத்துக்குப் பதில் எழுதும்போது அனுப்புநர் இடத்திலும் ஆங்கிலப் பெயரே இருக்கட்டும், தமிழில் இருந்தால் அதுவும் திரும்பும். பெயரைச் சின்னதாக வையுங்கள். இடப்பக்கத்துக்கு 64 பைட்தான் வரம்பு. "திருநெல்வேலி" கண்ணுக்கு ஆறெழுத்து, யூனிகோடில் 12 குறிகள், குறிக்கு 3 பைட் வீதம் 36 பைட். "கௌ" போன்ற எழுத்தைத் தவிருங்கள். ஒற்றைக்கொம்பும் "ள"வும் தனித்தனியாகத் தட்டினாலும் பார்வைக்கு அதேதான், சர்வருக்கு அது வேறு பெயர்.